கம்ப்யூட்டருக்கு ஒத்தடம்

திருக்காட்டுப்பள்ளியில் உச்சி வெயில். கம்ப்யூட்டரைக் குளிரவைக்க, தண்ணீருக்குப் பதிலாகக் காலியம் என்ற திரவ உலோகத்தைக் கண்ணாடிக் குழாய்களில் ஓடவிட்டிருக்கிறான் நெடுஞ்செழியன். முப்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது கட்டியாகிவிடும். மனைவி கயல்விழி ஏசியைப் போட்டதும் வெள்ளியாய் மினுமினுத்தது உறைந்து நிற்கிறது, பம்பு முனகுகிறது, கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துவிட்டது. மூன்று மணிக்குள் அவன் வரைந்த ஒரு வீட்டின் வரைபடம் வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும். கயல்விழி வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து குழாய்க்கு ஒத்தடம் கொடுக்கிறாள். "ஏங்க, குளுர வைக்க வாங்குனதுக்குக் குளுரே ஆகாதா?" "சளி புடிச்சிருக்கு கயலு, நல்லா அழுத்து." துண்டுக்கடியில் ஒரு மினுக்கம் நெளிகிறது. முனகல் நின்று உலோகம் நகர்கிறது. நெடுஞ்செழியன் அவசரமாக ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, கம்ப்யூட்டரை மறுபடி போடுகிறான். வயல்காட்டு அனல் முகத்தில் அறைகிறது. இருவருக்கும் வியர்வை வழிய, கம்ப்யூட்டர் மட்டும் குளுகுளுவென்று வேலை செய்கிறது.