தீபம் முடியட்டும்

தோசை தாமதமானால் எங்கள் ஓட்டல் முதலாளி ராஜமாணிக்கம், கல்லில் காய்ந்த தோசைத் திருப்பியை எடுத்து மாஸ்டர் பலராமனின் முன்னங்கையில் சூடு வைப்பார். பக்கத்தில் நாங்கள் காய் நறுக்கிக்கொண்டிருப்போம்.

எழுபத்தொன்பதாம் வருடம் தீபத் திருவிழாக் கூட்டத்தில் பலராமன் ரத்த வாந்தி எடுத்தான். லீவு கேட்டான்.

"தீபம் முடியட்டும், போவலாம்" என்றார் முதலாளி.

மறுநாள் காலை அடுப்படியிலேயே விழுந்து செத்தான். வியாபாரம் நிற்கக் கூடாதென்று உடலை விறகுக்குப் பின்னால் இழுத்துப்போட்டு, சாக்கால் மூடச் சொன்னார். சாயந்தரம் ஈசானியச் சுடுகாட்டில் எரித்தோம்.

அடுத்த நாள் விடிந்ததும் பலராமன் கல்லின் முன்னால் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். முதலாளி மட்டும் கிட்டே போய்த் திருப்பியை வைத்துப் பார்த்தார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இப்பத்தான்டா வேலக்காரன்" என்று சிரித்தார். சுட்ட இடத்திலிருந்து சாம்பல் மாவில் உதிர்ந்தது. அவரே கரண்டி விட்டுக் கலக்கினார்.

பின்வாசலில் பலராமன் மனைவி ஆராயி பால் சொம்போடு வந்து நின்றாள்.

"பாலூத்தப் போனோங்க. அங்க சாம்பலே இல்லீங்க. அவர அனுப்பிடுங்க."

"தீபம் முடியட்டும்மா, அனுப்பிடறேன்" என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி டீ மாஸ்டரிடம் கொடுத்தார்.