சைஸ் சேராத ஹெல்மெட்

ஸ்கேட்போர்டு கதைன்னதும் கர்சீப்பை எடுத்துட்டீங்க, பார்த்தேன். குழந்தை விழும், மண்டை உடையும், ஆஸ்பத்திரி வாசல்ல அப்பன்காரன் திருந்துவான். அதானே? உள்ள வைங்க. இந்தக் கதையில யாரும் விழப் போறதில்லை.

இன்னும் சில பேர் உள்ளுக்குள்ள சிரிக்கறீங்க. 'கடையில ஹெல்மெட் பத்தி லெக்சர் அடிச்சுட்டு, ஸ்கூட்டர்ல வெறும் மண்டையோட போவான் பாரு'ன்னு. அதுவும் இல்லை. கான்ட்ராக்டர் உதயகுமார் கார்ல வந்தார். பெல்ட் போட்டுக்கிட்டு. பின் சீட்ல பொண்டாட்டி நிர்மலாவுக்கும் பெல்ட், பொண்ணு மனிஷாவுக்கும் பெல்ட்.

வந்த இடம், மைசூர் அக்ரஹாரத்துல கணேஷ்குமாரோட விளையாட்டுச் சாமான் கடை.

மனிஷாவுக்கு ஆறு வயசு. லேஅவுட்ல அவ செட்டுப் பசங்க எல்லாரும் ஸ்கேட்போர்டு ஓட்டறாங்க. இவ மட்டும் அவங்க தண்ணி பாட்டிலுக்குக் காவல். இன்னிக்கு வாங்கினா இன்னிக்கே ஓட்டலாம்னு அப்பா வாக்கு குடுத்திருக்கார்.

கணேஷ்குமார் ஒரு சின்ன பிளாஸ்டிக் போர்டை எடுத்து வெச்சார். சக்கரத்துல பச்சை, சிவப்புன்னு லைட்டு.

"லைட்டு எரியுது, சரி. காலை எங்க வெக்கறது?" உதயகுமார் அதைத் தள்ளி விட்டார். "இதெல்லாம் சும்னே, வெறும் ஷோ. மரப் பலகையில, அகலமா காட்டுங்க. சக்கரம் மெத்துனு இருக்கணும். நம்ம லேஅவுட் ரோட்ல ஒரு ஜல்லி சிக்கினா போர்டு நின்னுடும். புள்ள மட்டும் போயிட்டே இருக்கும்."

ஊதா கலர்ல ஒண்ணு வந்தது. சக்கரத்தைச் சுத்தி விட்டு, காதுக்கிட்ட வெச்சுக் கேட்டார். பாஸ்.

அடுத்தது முட்டிக்கு, முழங்கைக்கு, மணிக்கட்டுக்குன்னு அடிபடாம இருக்கப் பட்டைங்க. எல்லாத்தையும் மாட்டினதும் மனிஷா கையைக் காலை மடக்க முடியாம, கல்யாண மண்டபத்து வாசல்ல வணக்கம் போடற பொம்மை மாதிரி நின்னா. முகத்துல மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஒரு சைஸ் பெருசாவே வாங்கிடுங்க, அடுத்த வருஷமும் ஆகும்"னா நிர்மலா.

"பாவாடையா இது, மடிச்சுத் தைக்கறதுக்கு?"

கடையில நின்னவங்க சிரிச்சாங்க. ஆள் சேர்ந்தா உதயகுமாருக்குக் குரல் தானா ஏறும்.

"தலை சார், தலை! கடவுள் ஒண்ணே ஒண்ணுதான் குடுத்திருக்கான். ஸ்பேர் கிடையாது!"

கிரிக்கெட் பேட் வாங்க வந்த ஒரு அம்மா கூட வந்தவகிட்ட முணுமுணுத்தாங்க. "என்னா பொறுப்பு பாரு. எங்க வீட்டுக்காரருக்குப் பையன் எந்த கிளாஸ்னே தெரியாது."

அப்பதான் காளியப்பன் உள்ள வந்தார். கௌதள்ளிக்காரர். ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியால உதயகுமார் கட்டற பேக்டரி ஷெட்டுக்குக் கூரைத் தகடு மாட்டறவர். மகனுக்குப் பந்து வாங்க வந்திருக்கார்.

"வணக்கமுங்க மொதலாளி."

"வா காளியப்பா. இங்க நில்லு. புள்ளைக்கு ஒரு பொருளை எப்படிப் பார்த்து வாங்கணும்னு கத்துக்கோ."

காளியப்பன் பந்தும் கையுமா ஓரமா நின்னு கத்துக்கிட்டார்.

ஹெல்மெட் வந்தது. உதயகுமார் டொக் டொக்னு தட்டினார். உள்ள இருக்கற பஞ்சை அமுக்கினார். பொண்ணு தலையில வெச்சார்.

"ஆட்டும்மா."

மனிஷா தலையை ஆட்டினா. தலை இடது பக்கம் போச்சு, ஹெல்மெட் போகலை. கண்ணு, மூக்கு எல்லாம் மறைஞ்சுபோச்சு.

"லூசு. சின்னது குடுங்க."

சின்னது ரெட்டை ஜடை மேல உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேன்னுது.

"அப்பா, முடியை வெட்டிடலாம்ப்பா" மனிஷா கெஞ்சினா.

"வாயிலயே போடுவேன்" நிர்மலா பதறிட்டா. "மாதேஸ்வரனுக்கு நேர்ந்துக்கிட்ட முடி. மலையில போய் இறக்கற வரைக்கும் கத்திரிக்கோல் படக்கூடாது."

"பெருசுலயே பின்னாடி திருகு இருக்கு சார், டைட் பண்ணிக்கலாம்"னு கணேஷ்குமார் திருகினார். திருகு ஜடை வேரைப் புடிச்சு இழுத்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லப்பா. சூப்பரா இருக்குப்பா."

சொல்லும்போதே கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு. உதயகுமார் அதைப் பார்த்துட்டார். மெதுவா கழட்டி மேஜை மேல வெச்சார்.

"பேடா கணேஷ். எதுவும் வேண்டாம். போர்டையும் உள்ள வைங்க."

"அப்பா!"

"சைஸ் சேராத ஹெல்மெட்டைப் போடறதும் வெறும் தலையோட போறதும் ஒண்ணுதான். சேர்ற ஹெல்மெட் கிடைக்கற வரைக்கும் எம் பொண்ணு பலகையில கால் வெக்க மாட்டா. யார் அழுதாலும் சரி. உயிர் விஷயத்துல நான் காம்ப்ரமைஸே பண்ண மாட்டேன்!"

பேட் வாங்க வந்த அம்மா கை தட்டாத குறை.

மனிஷா முட்டிப் பட்டையை ஒவ்வொண்ணா பிச்சுப் போட்டுட்டு, தரையில உக்காந்து ஓன்னு அழ ஆரம்பிச்சா. நிர்மலா தூக்கினா, வரலை. கணேஷ்குமார் சாக்லேட் நீட்டினார், வாங்கலை.

காளியப்பனுக்கு மனசு கேக்கலை. பந்தைக் கீழ வெச்சுட்டு, குழந்தை முன்னாடி குத்த வெச்சு உக்காந்து, கன்னத்தைத் தொடச்சு விட்டார்.

"அழுவாத சாமி. உங்கப்பாரு நெனச்சா ஆவாததா? அங்க கூரைல ஏறுற அத்தன பேருக்கும் ஒரே ஹெல்மெட்டத்தான் போட்டு, கழட்டி, போட்டு, கழட்டி, ஆளுக்கொரு போட்டோ புடிச்சு கம்பெனி ஆபீசுக்கு அனுப்பிச்சு உட்டுடறாரு. எந்தத் தலைக்கும் சைஸு சேரலைன்னு இன்னிவரைக்கும் சொன்னதே இல்ல சாமி!"