தராசின் பெருமை

அந்தப் பால்வாடித் தராசுக்கு ஒரே பெருமை. ஒரு மாதமாக அது எடைபோட்ட பிள்ளைகளில் நோஞ்சான் என்று ஒன்றுகூட இல்லை.

கோமதி தன் ஒன்றரை வயது மகளைத் தராசின் தூளியில் உட்கார வைத்தாள்.

"ஒன்பது கிலோ. நல்ல எடைதான்," என்றார் டீச்சர்.

"கையப் பாருங்க டீச்சர், குச்சியா இருக்கு. சத்துமாவு கொஞ்சம் கூடக் கொடுங்களேன்."

"மெலிஞ்ச பிள்ளைக்குத்தாம்மா கூடுதல் மாவு. முள்ளு சரியாத்தானே காட்டுது?"

கோமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மூலையிலிருந்த மாவு மூட்டை கேட்டது: "போன மாசம் இவ்வளவு கனமான என்னை உன் கொக்கியில மாட்டி எடை போட்டாங்களே, அப்புறம் உன் முள்ளு பூஜ்யத்துக்குத் திரும்புச்சா?"

தராசு குனிந்து பார்த்தது. தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. முள் இரண்டு கிலோவில் நின்றது.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. வாசலில் இன்னொரு தாய் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.