நகத்தடம்

செத்துக் கிடந்த ஆட்டின் கழுத்து ரோமத்தைக் கால்நடை மருத்துவர் விரலால் விலக்கினார்.

மேலே இரண்டு துளைகள். கீழே இரண்டு. வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மலையடிவாரத் தெருவே சுற்றி நின்றது. வேலியோரம் வனக்காப்பாளர். மருத்துவர் வாயைத் திறக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

விடியலில் ஆட்டின் பக்கத்தில் நின்றது சொர்ணத்தின் நாய். வாயெல்லாம் ரத்தம். அதை மின்கம்பத்தில் கட்டியாயிற்று. தடிகளும் வந்துவிட்டன.

"ஏ சொர்ணம், ராத்திரி உம் மகாராசா விருந்துக்குப் போயிருந்தாரோ?" என்றார் ஆட்டுக்காரர் இசக்கிமுத்து.

சிலர் சிரித்தார்கள்.

"கோழி வந்தா வழிவிட்டு ஒதுங்குற நாய் மாமா இது."

"சட்டுன்னு சொல்லுங்க சார். வேலைய முடிச்சிருவோம்" என்றார் இசக்கிமுத்து.

மருத்துவர் மறுபடி துளைகளைப் பார்த்தார்.

நாய் கண்ட இடத்தில் கடிக்கும். தொடையைக் கிழிக்கும். இது தொண்டையைப் பிடித்து, மூச்சு நிற்கும்வரை விடாமல் இருந்திருக்கிறது.

மழை பெய்து தரை சேறாகியிருந்தது. தொழுவத்தின் ஓரம் ஒரு தடம். வட்டமான பாதம், நான்கு விரல்கள்.

எழுந்து கம்பத்துக்குப் போனார். நாயின் முன்னங்காலைத் தூக்கிச் சேற்றில் அழுத்தினார்.

நாய் மற்ற காலையும் நீட்டியது.

விரல் பதிவுகளுக்கு முன்னால் சின்னப் புள்ளிகள். நகங்கள்.

தொழுவத்துத் தடத்தில் புள்ளிகள் இல்லை.

"நாய்க் குடும்பத்துக்கு நகம் எப்பவும் வெளியதான் இருக்கும். உள்ள இழுக்க முடியாது. இது அப்புறம் வந்து ரத்தத்தை நக்கியிருக்கு. ஆட்டைக் கொன்னது பூனைக் குடும்பம்."

"பூனையா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"சிறுத்தை."

சிரிப்பு நின்றது. பெண்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். தடிகள் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்ந்தன.

சொர்ணம் சேலைத் தலைப்பால் நாயின் வாயைத் துடைத்தாள். கழுத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

வனக்காப்பாளர் கைபேசியில் கூண்டை ஏற்றி வரச் சொன்னார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"கூண்டுக்குள்ள உசுரோட ஒண்ணு கட்டணும். அப்பதான் உள்ள வரும். ஆடு யாரு தர்றீங்க?"

ஆடு வைத்திருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"நாயானாலும் சரி."

இசக்கிமுத்து மெல்லக் கம்பத்தின் பக்கம் திரும்பினார். அப்புறம் மற்றவர்களும்.

ஈரக் கயிறு இறுகியிருந்தது. விரலுக்கு நெகிழவில்லை.

சொர்ணம் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்தாள்.