இரண்டாவது மஞ்சள்

அவர் ஷூ லேஸை அவிழ்த்து மூன்றாவது முறையாகக் கட்டினார்.

"வேணும்னே நேரம் கடத்துறீங்க," என்றவள் மஞ்சள் அட்டையைக் காட்டினாள்.

"கால் பிடிச்சுக்கிச்சு. ஒரு வாய் தண்ணி வேணும்."

தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். மறுபடி மஞ்சள், கையோடு சிவப்பு.

லேஸ், தசைப்பிடிப்பு, தண்ணீர் என்று இழுத்தடித்தவர்களுக்கெல்லாம் இருபது வருடம் கால்பந்து நடுவராக நின்று அவரே நீட்டிய அட்டைகள்தாம் அவை. பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதமாகிறது. டாக்டர் நடக்கச் சொல்லியும் கட்டிலை விட்டு எழுந்தபாடில்லை. மகள் அவருடைய பழைய பெட்டியைக் குடைந்து அட்டைகளை எடுத்துவிட்டாள்.

"சிவப்புன்னா வெளிய போகணும்," என்று முனகினார்.

"ஆமாம்ப்பா. நடந்து போகணும்." அவள் வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.

நடுவரிடம் வாதாடுகிறவர்களை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. ஊன்றுகோலை எட்டி எடுத்தார். எழுந்தார்.