பதினைந்தாவது அட்டை

ஸம்ஸியா மூன்றாவது மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவள் என் தம்பி சாலிஹின் பெண்சாதி. மேசையில் கிடந்தது அவனுடைய துடுப்பு.

அதற்குப் பக்கத்தில் நான் எழுதி வைத்த அட்டை. அதில் என்ன எழுதினேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்ட அல்லாஹ்!

ஊர்ப் பழஞ்சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை என்று பெயர்தான் பெரிது. வாசிகசாலையின் பின்னறை, நாலு மேசை, பூட்டு இல்லாத ஒரு கண்ணாடி அலுமாரி. போன வருசம் செம்பும் வெற்றிலை வட்டாவும் பரத்தி வைத்தோம். ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"சாமானைப் பார்க்க எவன் வருவான்? ஆளைச் சொன்னால்தான் சனம் வரும்" என்று வாசிகசாலைச் சங்கத்தாரோடு சண்டை பிடித்தவன் நான். வீடு வீடாய்ப் போய்ச் சாமான் இரவல் வாங்கினேன். அட்டை வாங்க வழியில்லை. பழைய கலியாண அட்டைகளின் வெற்றுப் பக்கத்தில், சாமானுக்கு உரியவரின் பெயரையும் அவரைப் பற்றி இரண்டு வரியும் எழுதினேன்.

பலித்தது. மருதமுனையிலிருந்துகூடச் சனம் வந்தது. வாப்பாவின் பெயரைத் தேடி வந்த மகன்மார் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

எழுபத்தெட்டில் சூறாவளிக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவன் சாலிஹ். தோணியும் வரவில்லை, அடக்கம் செய்ய மையித்தும் வரவில்லை. துடுப்பு மட்டும் சாய்ந்தமருதுக் கரையில் ஒதுங்கியது.

இரண்டு வருசம் போய்விட்டது. அவன் இறந்துவிட்டான், மௌத்து என்று ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. முதலில் சொல்லவேண்டியவர்கள் குடும்பத்தார் நாங்கள்தான். உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

அதனால் ஸம்ஸியா இத்தா இருக்கவில்லை. புருசன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண்கள் வெளியே கால் வைக்காமல் வீட்டோடு இருப்பார்களே, அந்த இருப்பு. அவள் வெள்ளை உடுக்கவில்லை. சந்தைக்குப் போனாள், வந்தாள். துடுப்பைத் தரும்போதுகூட, "கவனமா வைங்க மச்சான், அவர் வந்தாத் தேடுவார்" என்றாள்.

மற்றச் சாமான்கள் எல்லாம் மௌத்தானவர்களுடையவை; அவர்கள் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடுவது வழக்கம். மர்ஹூம் அச்சிமுகம்மது, மர்ஹூம் முகைதீன்பாவா என்று பதினாலு அட்டை எழுதிய கை, பதினைந்தாவதிலும் அப்படியே எழுதிவிட்டது.

மர்ஹூம் சாலிஹ்.

நாசமாய்ப் போன கை. வெள்ளியிலிருந்து ஊர் முழுக்க வந்து வாசித்திருக்கிறது. பிழை என்று ஒருத்தனாவது சொன்னானா? இல்லை.

ஸம்ஸியா உதடு அசைய வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"பிழையா எழுதிட்டன் புள்ள, இப்பவே கிழிச்சிடுறன்" என்று ஓடினேன்.

அவள் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கிழிக்காதீங்க மச்சான். நீங்க அவர்ட கூடப்பொறந்தவர். இத எப்ப எழுதின நீங்க?"

"வியாழக்கிழமை."

அவள் விரல்களை மடக்கி நாள் எண்ணினாள். பிறகு முகம் மறைய முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"அப்ப மூணு நாளா நான் வெளிய திரிஞ்சிரிக்கன்" என்றாள்.