கடைசியாகக் குடியிருந்த விலாசம்

"இந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுடலாமாம்மா?"

கோட்டுக்காரர் பேனாவை மேசைமேல் வைத்தார். வெயிலோ மழையோ, அந்தப் பழுப்புக் கோட்டைக் கழற்றாதவர். காப்பகத்தில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

"எந்தக் கட்டம்ண்ணே?" அவள் எட்டிப் பார்த்தாள். 'கடைசியாகக் குடியிருந்த விலாசம்' என்று இருந்தது.

வீடில்லாதவர்களுக்கு அடையாள அட்டை வாங்கித் தருவதற்காக, சனிக்கிழமைதோறும் விண்ணப்பம் நிரப்ப உதவி செய்ய வருபவள் அவள். சம்பளம் கிடையாது. பிழைப்புக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் பதினைந்து வருட வேலை. விண்ணப்பம் என்றால் புலி. புலி கொஞ்சம் வாயாடியும்கூட. கோட்டுக்காரர் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தபோதே தன் புது வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள். பாங்க் ஏலத்தில் எடுத்தது, குடிவந்து ஒரு வாரம் ஆவது, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மூலை, பச்சை கேட், பெண்ணுக்குத் தனி அறை, எல்லாம்.

"காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்கண்ணே. மனு இன்னைக்குப் போனாத்தான் ஒண்ணாம் தேதிக்குள்ள கார்டு வரும். கார்டு இல்லாம ஆஸ்பத்திரி லாண்டரியில உங்களை வேலைக்குச் சேர்த்துக்க மாட்டாங்க."

"தெரியும்மா."

"அப்புறம் என்ன? இருந்த வீட்டைச் சொல்றதுல என்ன வெட்கம்? கஷ்டம் யாருக்குத்தான் வரல?"

"வெட்கம் இல்லம்மா." சற்று யோசித்தார். "புது வீடு பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

பேச்சை மாற்றுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளிடம் இதெல்லாம் பலிக்குமா?

"எனக்கென்ன, என் பொண்ணு குதிக்கிறா. இத்தனை வருஷமா மூணு பேரும் ஒரே ரூம்லதானே படுத்தோம். சரி, எழுதுங்க."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஒன்பது. அண்ணே, முதல்ல எழுதுங்க!"

அவர் எழுதினார். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இடக்கையால் மறைத்துக்கொண்டு, மெதுவாக. பிறகு தாளை மடித்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"கவரைக் குடுங்கம்மா. நானே போட்டு ஒட்டிடறேன்."

"நல்லா இருக்கே! நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேணாமா?"

அவள் கை நீட்டுவதற்குள் போன் அடித்தது.

"ஏய், பின்கதவு மறுபடியும் சாத்த மாட்டேங்குது!" கணவரின் குரல் மேசைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. "கதவையே மாத்தணும்னு தச்சர் சொல்றாரு."

"ஐயோ, இது வேற தண்டச் செலவா? இப்பத்தானே பெயின்ட் அடிச்சு முடிச்சோம்!"

"மாத்த வேணாம்மா." கோட்டுக்காரரின் வாய் முந்திக்கொண்டது. "கைப்பிடியைப் பிடிச்சுக் கொஞ்சம் மேல தூக்கி இழுக்கச் சொல்லுங்க. மழை பெஞ்சா அது அப்படித்தான் மக்கர் பண்ணும்."

அவள் அப்படியே போனில் சொன்னாள். மறுமுனையில் 'டக்' என்று சத்தம்.

"அட, சாத்திடுச்சே! யாரு சொன்னது?"

அவள் போனைக் கீழே வைத்தாள். கோட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி தாளின் மேலிருந்து கையை எடுத்தார். அவள் பிரித்தாள்.

கட்டத்துக்குள் முத்து முத்தான எழுத்து. இந்த வாரம் சமையல் கேஸ் ஆபீசிலும், பாங்கிலும், பெண்ணின் பள்ளியிலும் அவள் தன் கையால் எழுதிக் கொடுத்த அதே கதவு எண், அதே தெரு.